வடதுருவச் சேற்றில் அசோலா

நெல் வயல் நீரில் பச்சைப் பாய் விரித்தாற்போல் மிதக்கும் அசோலாவை நாம் அறிவோம். இச்சிறு பெரணி, தன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப்பாசியின் துணையால் காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்குகிறது. இதே பேரினத்துப் பெரணி வடதுருவக் கடலடியிலும் புதைந்து கிடக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

2004-ஆம் ஆண்டு மூன்று பனியுடைப்புக் கப்பல்கள் வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லோமோனோசோவ் கடலடி மலைத்தொடரை அடைந்தன. அங்கே ஆயிரம் மீட்டருக்கும் கீழேயுள்ள தரையை 400 மீட்டருக்கு மேல் துளைத்து, படிவுகளை எடுத்தனர்.

கடற்சேற்றில் கரிமப் பொருள் சேர்வது எவ்வாறு? மேற்பரப்பில் வாழும் நுண்பாசிகள் மடிந்து கீழே விழுகின்றன. நுண்ணுயிர்கள் ஆக்சிஜனின் துணையால் அவற்றைச் சிதைத்துவிடுவதால், ஆழ்கடலில் பொதுவாக நூற்றில் ஒரு பங்குகூடச் சேற்றில் தங்குவதில்லை.

தங்கிய சிறிதளவே அறிஞருக்குச் சான்றாகிறது. நுண்பாசியில் ஒரு நைட்ரஜன் அணுவுக்கு ஏறத்தாழ 7 கார்பன் அணுக்கள் உண்டு. நிலத்து மரஞ்செடிகளிலோ 20-க்கும் மேல். ஆகவே சேற்றிலுள்ள பொருள் கடலில் விளைந்ததா, ஆறு கொணர்ந்ததா என ஊகிக்கலாம். சில நுண்ணுயிர்களின் கொழுப்பு மூலக்கூறுகள் நீரின் வெப்பத்திற்கேற்ப அமைப்பில் மாறுகின்றன. அவற்றைக் கொண்டே ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கடலின் மேல்நீர் ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமாயிருந்தது எனக் கணித்தனர்.

பின்னர், சுமார் 4.9 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலம் பெரிதும் சூழ்ந்திருந்த அக்கடலில் நன்னீர் உப்புநீரின்மேல் படர்ந்தது. அதில் அசோலா செழித்தது. இரு நீரும் கலவாமையால் அடியில் ஆக்சிஜன் குன்றியது. விழுந்தவை முழுதும் மக்காமல் புதைந்தன. ஏறத்தாழ 8 இலட்சம் ஆண்டுகள் நிகழ்ந்த இச்செயல், காற்றிலிருந்த கரியமில வாயுவைக் குறைத்து உலகம் குளிர உதவியிருக்கலாம் என்பர் அறிஞர் சிலர்.

நம் நாட்டு ஆய்வாளரும் 2008-இல் ஸ்வால்பார்டில் தொடங்கிய ஹிமாத்ரி நிலையத்தின் வாயிலாக வடதுருவப் பகுதியை ஆராய்ந்து வருகின்றனர்.

அத்தனை தொலைவு செல்லாமலே நாம் கற்கும் பாடமும் ஒன்றுண்டு. நமக்கு அருகிலுள்ள நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் முழுதும் மக்காமல் புதைந்த தாவரங்களே! இயற்கை நெடுங்காலம் சேர்த்துவைத்த கார்பனை நாம் சில தலைமுறைகளிலேயே எரித்துக் காற்றுக்குத் திருப்பி அனுப்புகிறோம், உலகமும் வெப்பமடைகிறது. வீணே எரியும் ஒவ்வொரு விளக்கிலும் அப்பழஞ்செல்வம் கரைகிறது என்பதை நினைவிற் கொள்வோமாக!