குறைந்த செலவில் நிறைந்த உணவு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அச்செல்வத்தைத் தேடுவதற்கு முதற்படி உணவு. வள்ளுவப் பெருந்தகையும் ‘மருந்து’ என ஓர் அதிகாரம் வகுத்து, அதிற் பெரும்பகுதியை அளவறிந்து உண்ணும் முறைக்கே ஒதுக்கியுள்ளார். ஆயினும், “நல்ல உணவு உண்ணப் பணம் வேண்டுமே! வாரச் சம்பளத்தில் மளிகைக்கு ஒதுக்கும் தொகையோ சிறிது; விலைவாசியோ பெரிது; என் செய்வது?” என்னும் கேள்வி நம் இல்லங்களில் நாள்தோறும் எழுகின்றது. அக்கேள்விக்கு இக்கட்டுரையில் விடை காண முயல்வோம்.

தோட்டமும் நகரமும்

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் லயத்து வீட்டின் பின்புறம் ஒரு முருங்கை நின்றது. வேலியோரம் பசலையும் பொன்னாங்கண்ணியும் படர்ந்தன. வாழையும் பப்பாளியும் விலையின்றிக் கிடைத்தன. கோழி வளர்த்தோர் முட்டை பெற்றனர். பசு வளர்த்தோர் பால் பெற்றனர். கையிற் காசு குறைவாயினும் தட்டிற் கீரை குறையவில்லை.

பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. நம்மவர் பலர் நகரங்களை நாடி அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். அங்கே முருங்கைக்கு மண்ணில்லை, கோழிக்குக் கூடில்லை. ஒரு கொத்துக் கீரைக்கும் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே, கொல்லையில் இலவசமாகக் கிடைத்த பொருள்களே செலவைக் குறைக்க எண்ணும்போது முதலில் விடுபடுகின்றன. அரிசியும் சீனியும் எண்ணெயும் வாங்குவதை யாரும் நிறுத்துவதில்லை. கீரையும் பழமும்தாம் நின்றுவிடுகின்றன. நகரத்து உணவின் முதற்குறை இதுவே.

நம் நாடு கற்பித்த பாடம்

வயிறு நிறைவது வேறு, உடல் ஊட்டம் பெறுவது வேறு. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியதில் நம் நாட்டிற்கும் பங்குண்டு என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பல்லாயிரவரை வாட்டியது. கால்கள் மரத்து வீங்கும், இதயம் தளரும், உயிரும் போகும். தீட்டிய வெள்ளையரிசியை உண்டோரிடையே இந்நோய் மிகுதியாயிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அது அரிதாயிருந்தது. இவ்வேறுபாட்டைக் கண்ட மருத்துவர் பிராடன், நோய்க்குக் காரணம் அரிசியே என 1907ஆம் ஆண்டில் நூலெழுதி வாதிட்டார். அதே காலத்தில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் பிரேசரும் ஸ்டேன்டனும், நெகிரி செம்பிலானில் டுரியான் தீப்புஸ் என்னுமிடத்தில் சாலை அமைத்த தொழிலாளரை இரு பிரிவாக்கி ஆய்ந்தனர். ஒரு பிரிவினருக்கு வெள்ளையரிசி, மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசி. நோய் கண்டது வெள்ளையரிசி உண்டவர்களையே.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர்த் தீட்டினாலும் ஓரளவு எஞ்சி நிற்கின்றது. நம் பாட்டிமார் உயிர்ச்சத்து என்னும் சொல்லை அறியார். ஆயினும் அவர்தம் உணவு அவர்களைக் காத்தது. இன்று புழுங்கலரிசி வாங்க இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை. பருப்பு, பயறு, மீன், முட்டை ஆகியன சோற்றுடன் சேர்ந்தால் அச்சத்தை அவை தரும். வெறுஞ்சோற்றையும் குழம்பையும் கொண்டு வயிற்றை நிரப்புவதே தவறு.

தட்டில் மூன்று பங்கு

உணவை எவ்வாறு பகுப்பது? நம் சுகாதார அமைச்சு எளிய வழியொன்றைக் காட்டியுள்ளது. கால், கால், அரை என்பது அதன் சுருக்கம். உண்ணும் தட்டில் காற்பங்கு சோறு, சப்பாத்தி போன்ற மாவுணவு. மற்றொரு காற்பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு போன்ற புரதவுணவு. மீதி அரைப்பங்கு காய்கறியும் பழமும்.

நம் வீட்டுத் தட்டை நினைத்துப் பார்ப்போம். முக்காற்பங்கு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிக் காய், நடுவே குழம்பு. இதனைத் திருத்துவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சோற்றில் இரு கரண்டி குறைத்து, காயில் இரு கரண்டி கூட்டினால் பாதி வழி கடந்தவர்களாவோம்.

புரதம் என்றாலே இறைச்சி என எண்ணுவோர் உளர். நூறு கிராம் உலர்ந்த பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உள்ளது. முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் உள்ளது. மலாய்க்காரர் சமைக்கும் தெம்பே, சீனர் சமைக்கும் தவ்வு ஆகிய சோயா உணவுகளும் மலிவானவை, சத்து மிக்கவை. தெம்பேயைச் சிறு துண்டுகளாக்கி மிளகாய், மஞ்சளுடன் பிரட்டினால் நம் நாவுக்கும் ஏற்றதாகும். செவ்வாய், வெள்ளிகளில் புலால் உண்ணாத வீடுகளுக்கு இவை பெருந்துணை. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிட்டும். பெரிய மீன்களைவிட விலை குறைந்த கெம்போங் மீன் ஊட்டத்தில் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

ஒரு வாரக் கணக்கு

இனிக் கணக்குப் பார்ப்போம். தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம் வார மளிகைக்கு 150 வெள்ளி ஒதுக்குவதாகக் கொள்வோம். அதனைப் பின்வருமாறு பகுக்கலாம்.

அரிசி, ஆட்டா மாவு: 24 வெள்ளி
பருப்பு, கடலை, பச்சைப்பயறு: 12 வெள்ளி
மீன், கோழி, முட்டை, நெத்திலி, தெம்பே: 50 வெள்ளி
கீரை, காய்கறி: 28 வெள்ளி
பழம்: 14 வெள்ளி
எண்ணெய், வெங்காயம், தேங்காய், மசாலைப் பொருள்கள்: 16 வெள்ளி
பால்: 6 வெள்ளி

இஃது ஓர் எடுத்துக்காட்டே. ஊருக்கு ஊர் விலை மாறும். வீட்டிற்கு வீடு தேவை மாறும். கையிலுள்ள தொகை கூடினும் குறையினும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதவுணவுக்கும், நான்கில் ஒரு பங்கிற்கு மேல் காய்கறி பழங்களுக்கும் போகின்றதா என்பதையே நாம் நோக்க வேண்டும்.

ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐவருக்கு வாரம் 14 கிலோ ஆகின்றது. மேற்கண்ட 42 வெள்ளியில் அவ்வளவும் வாங்குதல் அரிது. அதற்காக மனந்தளர வேண்டா. இன்று வாரம் 4 கிலோ வாங்கும் வீடு 8 கிலோவுக்கு உயருமாயின் அதுவே பெரும் முன்னேற்றம். எஞ்சியதற்கு மாடத்துத் தொட்டிகள் கைகொடுக்கும். கங்கோங், பசலை, கறிவேப்பிலை, மிளகாய் ஆகியவை அடுக்குமாடி வீட்டு மாடத்திலும் வளரும். தோட்டத்தில் இன்றும் வாழ்வோர் தம் கொல்லையைத் தரிசாக விட்டுவிட்டு வண்டியில் வரும் காய்களுக்குக் காத்திருத்தல் தகாது.

சந்தையில் கவனிக்க வேண்டியவை

ஒன்று: பட்டியலின்றிக் கடைக்குச் செல்லலாகாது, பசியோடும் செல்லலாகாது. பசித்தவன் கண் தேவையற்றதையே நாடும்.

இரண்டு: ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்குவது எளிது, ஆனால் மலிவன்று. காய்கறியும் மீனும் காலைச் சந்தையிலும், வேளாண் சந்தை வாரியமான பாமா ஆதரவில் நடைபெறும் உழவர் சந்தையிலும் பெரும்பாலும் மலிவாகவும் புதியனவாகவும் கிடைக்கும். சந்தை கலையும் நேரத்தில் விலை இறங்குவதும் உண்டு.

மூன்று: பொட்டலத்தின் விலையைப் பார்த்தால் போதாது, எடையைப் பார்த்து ஒரு கிலோவின் விலையைக் கணக்கிட வேண்டும். 400 கிராம் கடலை 4 வெள்ளி, 1 கிலோ கடலை 8 வெள்ளி என்றால் எது மலிவு? இதனைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். பள்ளியிற் கற்ற கணக்கு வீட்டிற்குப் பயன்படுவதைக் கண்டு அவர்கள் மகிழ்வர்.

நான்கு: விரைவில் வாடுவனவற்றை முதலிற் சமைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குச் சென்றால் கீரையும் பாதி மீனும் செவ்வாய்க்குள் முடியட்டும். மீதி மீனும் கோழியும் உறைபெட்டியில் இருக்கட்டும். கத்தரியும் பயற்றங்காயும் வாரத்தின் நடுவில் வரட்டும். முட்டைக்கோசு, கேரட், பூசணி ஆகியன வாரக்கடைசி வரை தாங்கும். அழுகி எறியும் காய் எவ்வளவு மலிவாக வாங்கப்பட்டாலும் வீண்செலவே.

அடுக்களையில் கவனிக்க வேண்டியவை

கீரையையும் காயையும் கழுவிய பின்னரே நறுக்க வேண்டும். நறுக்கியபின் நீரில் ஊறவிட்டால் சத்து நீரோடு போய்விடும். மூடிவைத்துச் சிறிது நேரமே வேகவிட வேண்டும். கடலையை முன்னிரவே ஊறவைத்தால் எரிவாயுச் செலவு குறையும். பொரித்த மீனைக் காட்டிலும் குழம்பில் இட்ட மீனுக்கு எண்ணெய் குறைவு.

முருங்கைக்கீரையிலும் பருப்பிலும் இரும்புச்சத்து உண்டு. இறக்கியபின் சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அச்சத்தை உடல் நன்கு ஏற்கும். உணவோடு தேநீர் அருந்தினால் ஏற்பது குறையும். ஆதலின், உண்டு ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் அருந்துதல் நன்று. இம்மாற்றத்திற்கு ஒரு காசும் செலவில்லை.

தாயின் பங்கை இங்கே குறிப்பிடுதல் கடமையாகின்றது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் எஞ்சிய குழம்பை ஊற்றி உண்பது நம் தாய்மார் வழக்கம். மீன்துண்டு தந்தைக்கு, முட்டை பிள்ளைக்கு, வெறுஞ்சோறு தனக்கு! 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு இரத்தச்சோகை உள்ளது. சமைப்பவர் சோர்ந்தால் வீடே சோரும். தாயின் பங்கை முதலிலேயே எடுத்து வைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளே தொடங்கலாம்.

இனிப்பின் விலை

அதே ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் ஐவருள் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. இந்தியர்களிடையே அது பத்தில் மூவர் என்னும் அளவில் இருந்தது. இதனைப் படித்தபின்னும் நாம் வாளாவிருத்தல் முறையோ?

100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி என்று எழுதப்பட்ட பானத்தை எடுத்துக்கொள்வோம். 325 மில்லிலிட்டர் டப்பாவில் 32.5 கிராம் சீனி இருக்கும். தேக்கரண்டிக்கு 5 கிராம் எனக் கொண்டால், அஃது ஆறரைத் தேக்கரண்டி! தேநீரில் ஆறரைக் கரண்டி சீனி போட எந்தத் தாயும் உடன்படார். இனிப்பூட்டிய கெட்டிப்பாலும் அத்தகையதே. அதிற் பாதிக்குப் பாதி சீனியே. அதனைப் பாலென்று நம்பிக் குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுத்தல் கூடாது.

பணக் கணக்கையும் பார்ப்போம். பிள்ளை ஒன்று பள்ளி நாளில் பானத்திற்கும் நொறுக்குத் தீனிக்கும் 2 வெள்ளி செலவிட்டால், மூன்று பிள்ளைகளுக்கு ஐந்து நாளில் 30 வெள்ளி ஆகின்றது. மேலே ஐவருக்கும் ஒரு வாரத்துக் காய்கறிக்கு நாம் ஒதுக்கியது 28 வெள்ளியே! அவித்த கடலையோ கச்சானோ ஒரு சிறு டப்பாவில், கொதித்தாறிய நீர் ஒரு புட்டியில் என வீட்டிலிருந்து கொண்டு சென்றால், அத்தொகையிற் பெரும்பகுதி மிஞ்சும்.

முடிவுரை

மாணவர்களே! பசியாறாமல் பள்ளிக்கு வருபவன் கண் கரும்பலகையில் இருக்கும். கருத்தோ வயிற்றில் இருக்கும். பெற்றோர்களே! இன்று சந்தையில் மிச்சம் பிடிக்கும் ஐந்து வெள்ளிக்காகக் கீரையைக் கைவிட்டால், நாளை மருத்துவமனை வாயிலில் வேலைநாளை இழந்து காத்திருக்க நேரும். நல்லுணவு செல்வர்க்கே உரியதன்று. திட்டமிட்டு வாங்கி, பக்குவமாய்ச் சமைத்து, பகிர்ந்துண்ணும் எல்லார்க்கும் உரியது. இவ்வாரப் பட்டியலிலிருந்தே அதனைத் தொடங்குவோமாக!

பயிற்சி

1. புழுங்கலரிசி உண்டோரிடையே பெரிபெரி நோய் அரிதாயிருந்தது ஏன்?
2. கால், கால், அரை என்னும் முறையில் உங்கள் வீட்டு மதிய உணவைப் படமாக வரைக.
3. ஒரு பானப் பொட்டலத்திலுள்ள குறிப்பைப் படித்து, அதில் எத்தனை தேக்கரண்டி சீனி உள்ளதெனக் கணக்கிடுக.
4. பெற்றோருடன் அமர்ந்து உங்கள் குடும்பத்திற்குரிய ஒரு வார மளிகைப் பட்டியலை எழுதுக.