இருப்புப்பாதை அழிந்த ஊர்



இராமேசுவரத் தீவின் தென்கிழக்கு முனையில், ஒடுங்கிய மணற்றிட்டில் அமைந்த சிற்றூர் தனுஷ்கோடி. வடபால் அமைதியான பாக்கு நீரிணை. மீனவர் அதனைப் 'பெண்கடல்' என்பர். தென்பால் அலை மிகுந்த மன்னார் வளைகுடா, அது 'ஆண்கடல்'.

1914 ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் புகையிரதம் தனுஷ்கோடித் துறை வரை சென்றது. பயணிகள் அங்கு நீராவிக் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் புகையிரதத்திற் கொழும்பை அடைந்தனர். அஞ்சலகம், பாடசாலை, தேவாலயம் என ஊர் வளர்ந்தது.

1964 டிசம்பர் 22 ஆம் நாள் நள்ளிரவில் பெரும்புயல் வீசிற்று. ஊரை நெருங்கிய புகையிரதம் ஒன்று நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுடன் கடலலையில் அழிந்தது. சிதைந்த பாம்பன் பாலம் 46 நாட்களிற் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிக்கான பாதையோ மீண்டும் இடப்படவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது.

ஆயினும் மீனவக் குடும்பங்கள் அங்கு ஓலைக் குடிசையமைத்து வாழலாயின. உவர்நீர் சூழ்ந்த மணலிற் குடிநீருக்கு என் செய்தனர்? மழைநீர் மணலுள் இறங்குகின்றது. நன்னீர் கடல்நீரிலும் அடர்த்தி குறைந்ததாதலின், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. சிறிது தோண்டினால் நன்னீர் ஊறும். ஆழத் தோண்டினால் உப்புநீரே வரும். இவ்வளவறிந்து அகழ்வது அவர்கள் தலைமுறையாகக் காத்த கல்வி.

2006 ஆம் ஆண்டு, போருக்கு அஞ்சிப் படகேறிய யானும் இருளில் அம்மணலில் இறக்கப்பட்டேன். விடிந்ததும் மூதாட்டி ஒருவர், "குடி தம்பி" என்று ஊற்றுநீரைச் சிரட்டையில் அள்ளித் தந்தார். பாடசாலையில் அடர்த்தியைப் பற்றிப் பலமுறை கற்பித்தவன் யான். அதன் பயனை அன்றே அறிந்தேன்.

2017 இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் இடிந்த தேவாலயத்தைப் படமெடுக்கின்றனர். அருகே வலை உலர்த்துவோரையும் நாம் காணவேண்டும். புகையிரதம் வந்தமையால் ஊர் புகழ் பெற்றது; மண்ணையும் கடலையும் அறிந்த மக்களால் அது நிலைத்தது.

பயிற்சி

1. மணலில் ஆழத் தோண்டலாகாது, ஏன்?
2. 'பெண்கடல்', 'ஆண்கடல்' எனும் பெயர்களின் காரணத்தை ஆராய்க.
3. உங்கள் பாட்டனாரின் ஊருக்கு அண்மையிலிருந்த புகையிரத நிலையம் யாது? வீட்டிற் கேட்டு ஐந்து வசனங்கள் எழுதுக.