அகிம்சை அணுவிரதமும் விலைக்கு வாங்கும் கடல்மீனும்

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது அகிம்சை. அவ்விரதத்தை மாசுபடுத்தும் குற்றங்களை அதிசாரங்கள் என்று நம் ஆசாரியப் பெருமக்கள் வகுத்துள்ளனர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அவற்றை ஐந்தாக எண்ணுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கொணாச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. மாடும் குதிரையும் வளர்த்த காலத்தில் இவற்றின் பொருள் எல்லோர்க்கும் எளிதில் விளங்கிற்று. இன்று நம்மிற் பலர் வீடுகளில் தொழுவம் இல்லை. ஆதலின் இவ்வைந்தும் நம்மைத் தொடா என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் இப்பாடத்தில் காண்போம்.

கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி, பவளப் பாறைகளில் வாழும் வண்ண மீன்களை வளர்க்கும் வழக்கம் அமெரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களில் மிகுதி. அங்கே கடைக்குச் செல்லவும் வேண்டுவதில்லை. இணையத்தில் படத்தைப் பார்த்துப் பணம் செலுத்தினால் ஓரிரு நாளில் பெட்டி வாயிலுக்கு வந்துவிடும். பெட்டியைத் திறக்கும்போது சில வேளை மீன் இறந்து கிடக்கிறது. சில வேளை செவுள்கள் விரைந்து துடிக்க, வயிறு ஒட்டி, நிறம் வெளுத்து, ஒருபுறம் சாய்ந்து கிடக்கிறது. நன்றாக வந்தது போல் தோன்றிய மீனும் ஒரு வாரத்திற்குள் மாய்ந்துவிடுவதுண்டு. வாங்கியவர் விற்றவரைக் குறை கூறுகிறார். விற்றவர் சுமந்து வந்தவரைக் குறை கூறுகிறார். ஐம்பொறியும் உடைய ஓர் உயிரின் துன்பம் இவ்வாறு வணிக வழக்காக முடிந்துவிடுகிறது. அத்துன்பம் உண்மையில் எங்கே தொடங்கியது என்பதே நாம் ஆராய வேண்டுவது.

மீன் வந்த வழி

நன்னீர்த் தொட்டிகளில் வளரும் மீன்களிற் பெரும்பாலானவை பண்ணைகளிற் பிறந்தவை. கடல்மீன்களோ பெரும்பாலும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தைச் சார்ந்த உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003-ல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுதோறும் 1,471 இனங்களைச் சேர்ந்த 2 கோடி முதல் 2.4 கோடி வரையிலான கடல்மீன்கள் இவ்வணிகத்தில் கைமாறுவதாக மதிப்பிட்டது. பிலிப்பைன்சும் இந்தோனேசியாவும் இவற்றை அனுப்புவனவற்றுள் முதன்மையான நாடுகள். பெறுவனவற்றுள் முதன்மையானது அமெரிக்கா. மீனவர், தரகர், ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், மொத்த வணிகர், இணைய விற்பனையாளர் எனப் பல கைகளைக் கடந்தே ஒரு மீன் வாங்குவோரை அடைகிறது. இவ்வழியில் ஐந்து அதிசாரங்களும் நிகழ்வதைக் காணலாம்.

1. கட்டுதல்: மீனைச் சிறிதளவு நீருடன் பாலிதீன் பையிலிட்டு, எஞ்சிய இடத்தில் பிராணவாயுவை நிரப்பி, வாயை இறுகக் கட்டித் தெர்மோகோல் பெட்டியில் வைப்பர். மீன் தன் கழிவாகிய அம்மோனியாவைச் செவுள் வழியே அந்நீரிலேயே விடுகிறது. அது வெளிவிடும் கரியமில வாயுவும் வெளியேற வழியின்றி நீரில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. வண்டியோ விமானமோ ஒரு நாள் தாமதித்தால் கட்டுண்ட காலம் இரட்டிக்கிறது; பெட்டிக்குள் வெப்பமும் மாறிவிடுகிறது.

2. அடித்தல்: 1960-களில் பிலிப்பைன்சில் ஒரு தீய முறை பரவிற்று. சோடியம் சயனைடு கரைசலைப் பவளப் பாறை இடுக்குகளில் பீய்ச்சி, மயங்கி வெளிவரும் மீனைக் கையால் எடுப்பதே அம்முறை. சட்டம் தடுத்தும் அது முற்றிலும் ஒழியவில்லை. சயனைடு உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலையே அடைக்கும் நஞ்சு. அவ்விடத்திலேயே பல மீன்கள் இறக்கின்றன. பிழைத்தவற்றுள் பலவும் பயணத்திலோ பின்னரோ மாய்கின்றன. அந்நஞ்சு பட்ட பவளமும் சாகிறது. கையால் அடிப்பதினும் இது கொடிய அடி.

3. உறுப்பைச் சிதைத்தல்: ஆழத்தில் வாழும் மீனை விரைந்து மேலே கொணர்ந்தால், நீரின் அழுத்தம் குறைவதால் அதன் உடலிலுள்ள காற்றுப்பை விரிந்து உள்ளுறுப்புகளை நெருக்கும். மெல்ல மெல்ல மேலேற்றினால் இது நேராது. ஆயினும் அதற்கு நேரம் செல்லும். நேரத்தை மிச்சப்படுத்த ஊசியால் காற்றுப்பையைக் குத்திக் காற்றை வெளியேற்றும் வழக்கம் உண்டு. அப்புண் வழியே நோய்க்கிருமி புகுவதும், மீன் சமநிலை இழந்து மிதப்பதும் நேரக்கூடும்.

4. தாங்கொணாச் சுமை ஏற்றுதல்: மீன் முதுகில் நாம் சுமை ஏற்றுவதில்லை. எனினும் ஓர் உயிரின் ஆற்றலுக்கு மிஞ்சியதை அதன்மேல் சுமத்துவதெல்லாம் இக்குற்றத்தின் சாயலே. கிடங்குத் தொட்டிகளில் நெருக்கி அடைத்தல், ஓரிடத்து மீனின் நோய் மற்றோரிடத்து மீனுக்குத் தொற்றுமாறு ஒரே நீரில் வைத்தல், ஒரு பயணத்தின் களைப்பு தீருமுன் அடுத்த பயணத்திற்கு அனுப்புதல் ஆகியன அத்தகையன.

5. உணவும் நீரும் தடுத்தல்: பைநீர் அழுக்காகாதிருக்க, அனுப்புமுன் ஓரிரு நாள் மீனுக்கு உணவு தருவதில்லை. பல கைகள் மாறும்போது இப்பட்டினி மீண்டும் மீண்டும் நேர்கிறது. கடல்மீனின் குருதியிலுள்ள உப்பு, கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. ஆகவே அதன் உடல்நீர் இடையறாது வெளியே கசிகிறது. அதை ஈடுசெய்யக் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றியாக வேண்டும். இதற்கு ஆற்றல் தேவை. பசித்து அஞ்சி நலிந்த மீன் அவ்வேலையைச் செய்ய இயலாதபோது, நீருக்குள்ளிருந்தே நீரிழந்து வாடுகிறது.

ஒரு சிறு மீனின் வரலாறு

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக்குக் கிழக்கே உள்ளது பாங்காய்த் தீவுக்கூட்டம். அங்கு மட்டுமே இயற்கையாக வாழ்ந்தது பாங்காய் கார்டினல் என்னும் மீன். விரல் நீளமே உள்ள அதன் வெள்ளி உடலில் கருங்கோடுகள் ஓடும். 1933-ல் அறிவியலார் அதற்குப் பெயரிட்டனர். 1990-களில் அது மீன் வணிகத்தில் புகுந்தது. முள் நிறைந்த கடல்முள்ளெலிகளின் நடுவே கூட்டமாக ஒதுங்கி வாழும் இயல்பினதாதலின், அதைப் பிடிக்க நஞ்சு வேண்டியதில்லை, வலையே போதும்.

இம்மீனின் தந்தை, தாய் இட்ட முட்டைகளைத் தன் வாயிற் கொண்டு ஏறக்குறைய மூன்று வாரம் காக்கிறது; குஞ்சுகள் பொரிந்த பின்னும் சில நாள் வாயிலேயே வைத்துப் புரக்கிறது. அந்நாள் முழுவதும் அது உண்பதில்லை. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பிற தீவுகளுக்குப் பரவுவதும் இல்லை. ஆகவே ஓரிடத்து மீன்களைப் பிடித்துத் தீர்த்தால், வேறிடத்திலிருந்து அவை வந்து நிரம்பா. 2000-த்தின் தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்குப் பல லட்சம் மீன்கள் பிடிக்கப்பட்டன. 2007-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இறக்குமதியான இம்மீன்களைச் சோர்வுறச் செய்து கொல்லும் ஒருவகை வைரசு நோயை 2009-ல் ஆய்வாளர்கள் விவரித்தனர். தொட்டிக்கு வந்த சில நாளில் மீன்கள் மாய்வதற்கு அதுவும் ஒரு காரணம். வாங்கியவர் எவ்வளவு பேணியும் பயனில்லாது போவது இத்தகைய இடங்களில்தான்.

பின்னர் இம்மீன் பண்ணைகளில் வளர்க்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. கடலிலிருந்து பிடிப்பதை நோக்க இது குறைந்த தீங்கே. ஆயினும் பையும் பெட்டியும் பட்டினியும் பண்ணை மீனுக்கும் உண்டு. அன்றியும் இது சிற்றுயிர்களை உண்ணும் மீன். இதை வளர்ப்பவர் நாள்தோறும் நுண்ணிய இறால்களைப் பலியிட்டே இதற்கு உணவளிக்க வேண்டும். இதனை விற்பனைப் பக்கத்துப் படம் நமக்குச் சொல்வதில்லை.

குற்றம் யாருடையது?

இணைய விற்பனையாளர் பலர் 'உயிருடன் வந்து சேரும்' என்று உறுதி அளிக்கின்றனர். இறந்திருந்தால் சில மணி நேரத்திற்குள் புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும். மீனின் விலையைத் திருப்பித் தருவர், அல்லது வேறு மீன் அனுப்புவர். பணக் கணக்கு இதனால் நேராகிறது. இறந்த உயிரின் கணக்கு நேராவதில்லை. 'பதிலாக ஒன்று' என்பதன் பொருள், மற்றோர் உயிர் அதே வழியில் பயணப்படும் என்பதே. உறுதிமொழி வந்து சேரும் நாளுக்கு உரியது. பின்வரும் வாரங்களுக்கு உரியதன்று.

இயங்கும் உயிர்களுக்கு மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும், செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூவகையாலும் எண்ணித் தீங்கு செய்யாதிருத்தலே இல்லறத்தார் அகிம்சை என்பது நாம் கற்றது. வலை வீசியவர் செய்தவர். ஆர்டர் கொடுத்தவர் செய்வித்தவர். அழகென்று புகழ்ந்து பிறரையும் வாங்கத் தூண்டுபவர் உடன்பட்டவர். ஆதலின் இத்தகைய மீனை வாங்காதிருத்தலே நமக்கு முறை.

வந்துவிட்ட உயிரைப் பேணும் முறை

ஆயினும் பரிசாகவோ, அறியாது வாங்கியதாலோ, நண்பர் வீட்டிலோ இத்தகைய பெட்டி வந்து சேரலாம். அப்போது வெறுத்து ஒதுங்குதல் தயை ஆகாது. செய்யத்தக்கவை வருமாறு:

1. விற்றவரிடம் அவர் தொட்டியின் உப்பளவை முன்னரே கேட்டறிந்து, அதே உப்பளவில் ஒரு தனித் தொட்டியை அமைக்க வேண்டும். அதில் காற்றுக்குழாயும், மீன் ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டும் இருத்தல் நன்று.

2. மங்கிய ஒளியில் பெட்டியைத் திறந்து, கட்டை அவிழ்க்காமல் பையை அத்தொட்டி நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும்.

3. பையைத் திறந்தபின் தாமதித்தல் கூடாது. பைநீர் அமிலத்தன்மையுடன் இருக்கும்வரை அம்மோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பை திறந்ததும் கரியமில வாயு வெளியேறி அமிலத்தன்மை குறைகிறது; உடனே அம்மோனியா நச்சு வடிவம் பெறுகிறது. மணிக்கணக்காகப் பையிலேயே சொட்டுச் சொட்டாக நீர் சேர்ப்பது இரக்கமாகத் தோன்றினும், நெடும்பயணம் செய்த மீனுக்கு அது தீங்காய் முடியலாம். உப்பளவு ஒத்திருப்பின் மீனை மட்டும் உடனே தொட்டிக்கு மாற்ற வேண்டும்; பைநீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

4. உப்பைக் கூட்ட வேண்டியிருப்பின் சில நாட்களில் சிறிது சிறிதாகவே கூட்டுக.

5. குறைந்தது நான்கு வாரம் பிற மீன்களுடன் சேர்க்காதிருத்தல் வேண்டும். உப்புத் துகள் போன்ற புள்ளிகள் வெண்புள்ளி நோயின் அறிகுறி. பொடி தூவியது போன்ற மேற்பூச்சும் விரைந்த மூச்சும் சில நாளிலேயே கொல்லும் மற்றொரு நோயின் அறிகுறி. இவற்றிற்கு இடும் செம்பு மருந்து நுண்ணுயிர்களைக் கொல்வது; பவளத்திற்கும் இறாலுக்கும் ஆகாதது. ஆதலின் தனிமையில் வைத்து நோய் பரவாமற் காப்பதே மேல்.

6. வளர்க்க இயலாதெனில் அறிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். புண்ணியம் எனக் கருதிக் கடலிலோ குளத்திலோ விடுதல் பெரும் பிழை. இந்திய, பசிபிக் கடல்களுக்கு உரிய சிங்கமீன் 1985-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அங்கு பெருகின என்பர். அவை இன்று கரிபியன் கடலெங்கும் பரவி, அவ்விடத்து இளமீன்களைத் தின்று அழிக்கின்றன.

நிறைவுரை

பெட்டி திறக்கும் நாளில் நாம் காணும் நோய், பெட்டியில் தோன்றியதன்று. அது கடலில் தொடங்கிப் பல கைகளில் வளர்ந்தது. அக்கைகளுள் விலை கொடுக்கும் கையும் ஒன்று. மற்றக் கைகளை நம்மால் தடுக்க இயலாது, இக்கையை இயலும். மீனின் அழகைக் குழந்தைகள் விரும்பினால், அது வாழும் பாறையையும், குஞ்சுகளை வாயிற் சுமந்து பட்டினி கிடக்கும் தந்தையையும் படங்களில் காட்டிச் சொல்லிக் கொடுப்போம்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. ஐந்து அதிசாரங்களுள் நம் வீட்டில் வளரும் உயிர்களிடத்து அறியாது நிகழ்வது எது?
2. பணம் திரும்பக் கிடைத்தலால் தீராத குற்றம் எது?
3. உயிரை விடுவித்தல் எப்போது அகிம்சையாகும், எப்போது ஆகாது?