மூன்று கம்பிகளில் ஒரு பாலம்

நம் சங்க அன்பர்களிற் பெரும்பாலோர் தமிழகத்தினின்றும் இப்புனே நகருக்குப் படிக்க வந்தவர்கள். வந்த புதிதில் காய்கறிக்காரரிடம் நாம் எப்படிப் பேசினோம்? அவருக்குத் தமிழ் தெரியாது. நமக்கு மராத்தி தெரியாது. "கிதி?" என்று ஒரு சொல், விரல்களால் ஒரு கணக்கு, ஒரு தலையசைப்பு, வியாபாரம் முடிந்துவிட்டது. முழு மொழியும் தெரிய வேண்டியதில்லை. சிற்சில விஷயங்களில் உடன்பாடு இருந்தாற் போதும், பேச்சு நடக்கும்.

லினக்ஸ் கணிப்பொறியும் விண்டோஸ் கணிப்பொறியும் இத்தகைய இரு அயலார்தாம். இவ்விரண்டையும் ஒரு சாதாரண சீரியல் கேபிளால் இணைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். 'வலையும் வைஃபையும் உள்ள காலத்தில் இது எதற்கு?' என்று நண்பர்கள் கேட்கலாம். அதற்கு என் அனுபவம் ஒன்றையே விடையாகக் கூறுகிறேன்.

எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர். நாங்கள் 'அண்ணா' என்றழைப்போம். அவருடைய அளவைக் கருவி ஒரு பழைய விண்டோஸ் 98 கணிப்பொறியோடு பிணைக்கப்பட்டிருந்தது. மூன்றாண்டு அளவீடுகள், ஏறத்தாழ 6 மெகாபைட், அதற்குள்ளேதான் இருந்தன. ஃபிளாப்பி இயக்கி பழுதாகிவிட்டது. பென் டிரைவைச் செருகினால் பொறி அதை அறியவில்லை. வலை அட்டையும் கிடையாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் பதினைந்து நாட்களே இருந்தன. பெட்டியைத் திறந்து ஹார்டு டிஸ்கைக் கழற்றலாமென்றால், ஏதேனும் கெட்டுவிட்டால் கருவியே முடங்கிப் போகும். அப்பொழுது பொறியின் பின்புறத்தில் ஒன்பது ஊசிகளோடு கூடிய சீரியல் போர்ட் ஒன்று கண்ணிற் பட்டது. எங்களிடம் லினக்ஸ் மடிக்கணினி ஒன்று இருந்தது. வழி பிறந்தது.

கம்பியின் இலக்கணம்

ஆர்.எஸ். 232 என்னும் இம்முறை அமெரிக்காவில் 1960-இல் வகுக்கப்பட்டது. ஒன்பது ஊசிகளுள் நமக்கு இன்றியமையாதவை மூன்றே. 2-ஆம் ஊசி கேட்கும் செவி; 3-ஆம் ஊசி பேசும் வாய்; 5-ஆம் ஊசி இருவருக்கும் பொதுவான தரை. ஆகவே ஒரு பொறியின் 3, மற்றதன் 2-க்குப் போக வேண்டும், அதுபோலவே மறுபுறமும். 5-ஐ 5-உடன் நேராக இணைக்க வேண்டும். இவ்வாறு குறுக்காகப் பின்னிய கேபிளுக்கு 'நல் மோடம் கேபிள்' என்று பெயர். நாங்கள் முதலில் கடையில் வாங்கியது நேர்க் கேபிள். வாயோடு வாயும் செவியோடு செவியும் இணைந்தால் என்ன நடக்கும்? மாலை முழுவதும் மௌனமே நிலவியது!

எழுத்துக்கள் இக்கம்பியில் எவ்வாறு செல்கின்றன? ஒரு பிட்டின் பின் ஒரு பிட்டாக, எறும்புச் சாரிபோலச் செல்கின்றன. கம்பி சும்மா இருக்கும்போது அதன் மின்னழுத்தம் எதிர்க்குறியில் இருக்கும். இதற்குப் பொருள் 1. நேர்க்குறிக்கு மாறினால் 0. பேசத் தொடங்குபவர் முதலில் ஒரு 0 அனுப்புவார். இது 'கவனிக்க' என்னும் தொடக்கப் பிட். அதன்பின் எழுத்துக்குரிய எட்டுப் பிட்டுகள். கடைசியில் 1 என்னும் முடிவுப் பிட். ஆக, ஓர் எழுத்துக்குப் பத்துப் பிட்டுகள். உதாரணமாக, ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'-க்கு எண் 65. அதன் எட்டுப் பிட்டுகள் கடைக்கோடியிலிருந்து 1, 0, 0, 0, 0, 0, 1, 0 என்று வரிசையாகப் போகும்.

இங்கே நேரத்தை அறிவிக்கத் தனிக் கம்பி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரு பொறிகளும் ஒரே வேகத்தை முன்னரே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் விநாடிக்கு 9600 பிட் என்றும், மற்றவர் 38400 என்றும் எண்ணினால் திரையில் வருவது எழுத்தன்று, குப்பை.

எளிய கம்பி, பெரிய பணி

இக்கம்பி முறையை அற்பமென்று எண்ணிவிடலாகாது. இதே புனேயில் சி-டாக் நிறுவனம் 1991-இல் 'பரம் 8000' என்னும் சூப்பர் கணிப்பொறியை உருவாக்கியது. அமெரிக்கா தன் சூப்பர் கணிப்பொறியைத் தர மறுத்த பின்னர், விஜய் பட்கர் தலைமையில் நம்மவர் செய்த முயற்சி அது. அதன் உயிர்நாடி 'டிரான்ஸ்பியூட்டர்' என்னும் சில்லு. ஒவ்வொரு சில்லிலும் நான்கு சீரியல் இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பிலும் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. அங்கும் தொடக்க அடையாளம், எட்டுப் பிட்டுகள், முடிவு அடையாளம் என்பதே முறை. ஒவ்வொரு பைட்டுக்கும் எதிர்ப்புறத்திலிருந்து 'பெற்றேன்' என்று ஒரு குறியும் திரும்பி வரும். வேகம் மட்டும் விநாடிக்கு 2 கோடிப் பிட்டுகள் வரை!

லினக்ஸ் பிறந்த ஆண்டும் 1991 என்பது சுவையான ஒற்றுமை. ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியோடு மோடம் வழியே பேசுவதற்கு ஒரு சிறு நிரல் எழுதினார். அதுவே வளர்ந்து லினக்ஸ் ஆயிற்று. சீரியல் போர்ட்டின் வாயிலில் பிறந்த பிள்ளை என்று அதைச் சொன்னால் தவறாகாது.

செய்முறை

இனி வேலைக்கு வருவோம். இக்காலத்து மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் இராது, யு.எஸ்.பி. மாற்றி ஒன்று வேண்டும். அதைச் செருகினால் லினக்ஸ் அதற்குப் பொதுவாக 'டிடிஒய் யுஎஸ்பி 0' என்று பெயரிடும். பழைய பொறியாயின் 'டிடிஒய் எஸ் 0'. விண்டோஸ் தன் போர்ட்டைக் 'காம் 1' என்றழைக்கும். உபுண்டு போன்றவற்றில் உங்கள் பெயர் 'டயல்அவுட்' என்னும் குழுவில் சேர்ந்திருந்தால்தான் போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்கும். பலர் இடறி விழும் படி இதுவே.

லினக்ஸ் பக்கம் 'மினிகாம்' என்னும் நிரல். விண்டோஸ் 98-இல் உடன் வரும் 'ஹைப்பர் டெர்மினல்'. புதிய விண்டோஸில் அது இல்லை. அங்கே 'புட்டி' போன்ற நிரல் கொண்டு எழுத்துரையாடல் செய்யலாம். இரண்டு பக்கமும் ஒரே வேகம், எட்டுப் பிட், பாரிட்டி இல்லை, ஒரு முடிவுப் பிட், ஓட்டக் கட்டுப்பாடு இல்லை என்று அமைக்கவும்.

கேபிளை மாட்டுமுன் ஒரு சோதனை செய்க. மாற்றியின் 2, 3 ஊசிகளை மட்டும் ஒரு சிறு கம்பியால் சேர்த்து, மினிகாமில் ஓர் எழுத்தைத் தட்டுங்கள். நீங்கள் பேசியது உங்கள் செவிக்கே திரும்பி, எழுத்து திரையில் தோன்றினால் உங்கள் பக்கம் குற்றமற்றது. பின்னர், இரு பொறிகளையும் அணைத்துவிட்டுக் கேபிளை மாட்டுங்கள்.

கோப்புகளை வெறும் எழுத்தாக அனுப்பலாகாது. வழியில் ஒரு பிட் புரண்டாலும் தெரியாது. 1986-இல் சக் ஃபோர்ஸ்பர்க் உருவாக்கிய 'இசட் மோடம்' முறை தரவைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணை அனுப்பும். கணக்கு ஒவ்வாவிட்டால் பெறுபவர் அப்பகுதியை மீண்டும் கேட்பார். ஹைப்பர் டெர்மினல் இம்முறையை அறியும். லினக்ஸில் 'எல்ஆர்இசட்எஸ்இசட்' என்னும் தொகுப்பை நிறுவிக்கொண்டால் மினிகாமும் அறியும்.

நாங்கள் பேராசையால் விநாடிக்கு 115200 பிட் என்று வைத்தோம். பழைய பொறி திணறியது. பிழை மேற் பிழை. 38400-க்கு இறங்கியதும் ஓட்டம் சீரானது. பத்துக்கு ஒன்றாக வகுத்தால் விநாடிக்கு 3840 பைட். 6 மெகாபைட்டுக்குக் குறைந்தது 27 நிமிடம். அண்ணா அவ்வளவு நேரமும் நாற்காலியில் உட்காரவில்லை.

கடைசி முடிச்சு

எல்லாம் வந்து சேர்ந்தபின் லினக்ஸில் அவருடைய கணக்கு நிரல் எண்களைப் படிக்க மறுத்தது! காரணம் என்ன? விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை வைக்கும்: ஒன்று 'தொடக்கத்துக்குத் திரும்பு', மற்றது 'அடுத்த வரிக்கு இறங்கு'. பழைய தந்தித் தட்டெழுத்துப் பொறிகளின் வழக்கம் இது. லினக்ஸோ இரண்டாவது குறி ஒன்றோடே நின்றுவிடும். 'டாஸ்2யூனிக்ஸ்' என்னும் சிறு நிரல் அம்மிகைக் குறியை நீக்கியது. ஆனால் இதை எழுத்துக் கோப்புகளுக்கே செய்ய வேண்டும். படங்களையும் நிரல்களையும் தொட்டால் அவை கெட்டுவிடும்.

ஆய்வேடு உரிய நாளில் சேர்ந்தது. மறுநாள் மாலை அண்ணா எங்களுக்கு வடாபாவும் தேநீரும் வாங்கித் தந்தார். கேபிளைத் தம் மேசை இழுப்பறையில் பத்திரமாகப் பூட்டி வைத்தார்.

உங்கள் ஆய்வுக்கூடத்தின் மூலையிலும் இத்தகைய பழைய பொறி ஒன்று இருக்கக் கூடும். அது நின்றுபோகும் நாள்வரை காத்திராமல், இந்த வாரமே அதன் பின்புறத்தைப் பாருங்கள். ஒன்பது ஊசிகள் தென்பட்டால், மூன்று கம்பிகளோடு அதனிடம் பேசத் தொடங்குங்கள்.