மகிழ்வுக்கு ஒரு நாழிகை

திருநாள் ஸேவிக்க வந்திருக்கும் அன்பர்களைச் சற்றே கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். வைகறையில் எவரும் எழுப்பாமலே எழுகிறார்கள். குளிர்ந்த நீரில் நீராடுகிறார்கள். வாகனப் புறப்பாட்டை எதிர்நோக்கி வீதியோரத்தில் நெடும்பொழுது நிற்கிறார்கள். தொன்னையில் கிடைத்த பிரசாதத்தை முன்பின் அறியாதவரோடு பகிர்ந்து உண்கிறார்கள். கால் கடுக்கிறது, ஆயினும் முகமலர்ச்சி குன்றுவதில்லை. இவர்களே ஊர் திரும்பிய மறுவாரம், விடிந்த பின் சலிப்போடு எழுந்து, நின்றபடியே உண்டு, வீட்டாரோடு ஓர் இன்சொல் பேசவும் பொழுதின்றி ஓடுகிறார்கள். நாள் ஒன்றுக்கு அறுபது நாழிகை என்பது ஈரிடத்திலும் ஒன்றே. பின் இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது?

திருக்கோயிலில் ஒவ்வொன்றுக்கும் காலம் குறித்து வைத்திருக்கிறார்கள். திருமஞ்சனத்துக்கு ஒரு காலம், அலங்காரத்துக்கு ஒரு காலம், ஊஞ்சலுக்கு ஒரு காலம். திருவரங்கத்தில் ஐப்பசியில் ஊஞ்சல், மாசியில் தெப்பம், வைகாசியில் வஸந்தோத்ஸவம் என்று ஆண்டு முழுவதும் உல்லாஸத்துக்கென்றே நாள்கள் உண்டு. மற்றக் காரியமெல்லாம் முடிந்து பொழுது மிஞ்சினால் ஊஞ்சல் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு எந்தக் கோயிலிலும் கிடையாது. நம் இல்லங்களிலோ வேலைக்கு மட்டுமே மணிக்கணக்கு. மகிழ்ச்சிக்கு மிச்சப் பொழுதே பங்கு. அந்த மிச்சமோ விழுவதே இல்லை!

மகிழ்ச்சிக்கென்று பொழுது ஒதுக்குவது பக்தி நெறிக்குப் பொருந்துமோ என்று ஐயுறுவாரும் உளர். முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பதே வைராக்கியம் என்ற எண்ணம் எப்படியோ நம்மிடையே புகுந்துவிட்டது. இவ்விடத்தில் எம்பெருமானார் அருளிச்செய்ததை நினைவுகூர்தல் வேண்டும். ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியில், இடையறாத பகவத் த்யானம் கைகூடுவதற்கு உரிய ஸாதனங்கள் ஏழினை வாக்யகாரரின் வாக்கைக்கொண்டு அவர் எடுத்துக்காட்டுகிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. உணவுத் தூய்மை, ஆசையில் அழுந்தாமை, வாய்மை, தயை, தானம் முதலியன முதல் ஐந்தில் அடங்கும். நாம் இங்குக் கருதுவன பின் இரண்டே.

அவஸாதம் என்பது மனச்சோர்வு. இடமும் காலமும் ஒவ்வாமையாலும், வருந்தத்தக்கவற்றை நினைத்து நினைத்து அலைவதாலும் மனம் ஒளி குன்றிப்போவதே அது. அந்நிலை இன்மை அநவஸாதம். அதனையடுத்து நிற்கும் அநுத்தர்ஷமோ, மகிழ்ச்சி தலைக்கேறித் தன்னை மறவாமை. சோர்வும் கூடாது, களியாட்டமும் கூடாது. இரண்டுக்கும் இடையே தெளிந்த மலர்ச்சி ஒன்றுண்டு, அதனை வாய்மையையும் தானத்தையும் போலவே முயன்று பயில வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது. மனமலர்ச்சி செல்வர்க்கு வாய்க்கும் ஆடம்பரமன்று, ஸாதனங்களுள் ஒன்று.

சோர்வுக்குச் சொல்லப்பட்ட காரணங்களை மீண்டும் நோக்குக. காலையில் அண்டை வீட்டாரோடு நேர்ந்த ஒரு சொல் பூசலை மாலைவரை மனத்துள் திரும்பத் திரும்ப நிகழ்த்திக்கொள்வார் எத்தனை பேர்! பூசல் நடந்தது ஒரு முறை. வருந்தியது நூறு முறை. இந்நாளில் கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. படுக்கையில் கிடந்தபடியே உலகத்துத் துயரையெல்லாம் உள்ளங்கையில் வரவழைத்துப் பார்த்துவிட்டு, உறக்கம் வரவில்லை என்கிறோம்.

ஒன்று மட்டும் இடையே கூறவேண்டும். அநவஸாதம் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு, உற்றாரை இழந்து வாடுபவரிடம் சென்று ‘சோராதே’ என்று அதட்டுவது பெரும்பிழை. நோயாக முற்றிவிட்ட சோர்வுக்கோ மருத்துவரை நாடுவதே முறை. நாம் பேசுவது அன்றாடத்தின் அலுப்பைப் பற்றி.

இம்மலர்ச்சிக்குக் காலம் ஒதுக்குவது எவ்வாறு? கீதையின் ஆறாம் அத்தியாயத்துப் பதினேழாவது சுலோகம், துயர் போக்கும் யோகம் யாருக்குக் கைகூடும் என்று சொல்லும்போது, உணவு, விஹாரம், செயல், உறக்கம், விழிப்பு ஆகிய அனைத்திலும் அளவறிந்தவனைக் கூறுகிறது. விஹாரமாவது உலாவுதல், பொழுதுபோக்கு. உணவுக்கும் உறக்கத்துக்கும் ஒப்ப அதற்கும் அங்கே இடமிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அளவு வேண்டும் என்றார்களேயன்றி, அறவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாளையே அளந்து தந்தது பாஞ்சராத்ர நெறி. அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என்று நாளை ஐந்து காலங்களாக அது வகுக்கிறது. ஸ்வாமி வேதாந்த தேசிகன் (1268-1369) பாஞ்சராத்ர ரக்ஷையில் இதனை விரிவாக நிலைநாட்டியுள்ளார். விடியலில் எம்பெருமானை அணுகி நிற்றல், பின் ஆராதனத்துக்கு வேண்டிய பொருள்களைச் சேர்த்தல், நண்பகலில் ஆராதனம், பிற்பகலில் நூல்களை ஓதுதலும் கேட்டலும், இரவில் அவன் நினைவோடு ஒடுங்குதல்.

இவற்றுள் உபாதானம் என்பதனைச் சிறிது நின்று நோக்குவோம். பொருள் சேர்ப்பது இதில்தான் அடங்குகிறது. நம் காலத்தவர் நாளின் பெரும்பங்கையும் விழுங்கிவிட்ட பிழைப்பு, ஐந்தில் ஒன்றாகவே இங்கு நிற்கிறது! அதற்கு முன்னும் ஒரு வேலி, பின்னும் ஒரு வேலி. அதுவும் தனக்காக அன்று. அடுத்து வரும் ஆராதனத்துக்காக. வில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்துப் பூவும் துளஸியும் தொடுத்தார்கள். மண் கொத்துவதும் நீர் இறைப்பதும் உடல் நோகும் வேலைதானே? யாருக்காக என்பது தெளிவாக இருந்தமையால் நோவு தெரியவில்லை. மாதச் சம்பளத்தில் வாங்கிய அரிசி அமுதுபடியாகிறது என்று எண்ணும் குமாஸ்தாவுக்கும் இது ஓரளவு கூடும். ஓரளவு என்று சொல்வதற்குக் காரணமுண்டு. எண்ணத்தை மாற்றிக்கொண்ட மாத்திரத்தில் எல்லா வேலையும் இனித்துவிடும் என்பது மிகை. ஆகவேதான் வேலியும் வேண்டும்.

ஸ்வாத்யாயத்துக்கு நம் வீடுகளில் ஒரு நாழிகை, அதாவது இருபத்து நான்கே நிமிடம், கிடைத்தாலும் போதும். குழந்தைகள் உள்ள இல்லத்தார் பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்திலிருந்து தொடங்கலாம். கண்ணனை நீராட்டுவதற்கு ஒரு திருமொழி, குழல்வாரக் காக்கையை அழைப்பதற்கு ஒன்று, பூச்சூட்ட ஒன்று, அந்திப்பொழுதில் காப்பிட ஒன்று. பள்ளி வண்டி வந்துவிடுமே என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யும் அதே தலைவாரலுக்கு ஆழ்வார் ஒரு திருமொழி முழுவதையும் அளித்திருக்கிறார். அதைப் படித்த வீட்டில் சீப்பைக் கையில் எடுக்கும்போது அவசரம் சிறிது தணியக்கூடும்.

இரவுப் பணி செய்வாரும், பேருந்திலேயே நாளில் பெரும்பொழுதைக் கழிப்பாரும் இதெல்லாம் எங்களுக்கு எப்படி இயலும் என்று கேட்பது நியாயமே. முக்கிய காலம் தவறினால் கௌண காலம் என்று சாஸ்திரமே இரண்டாம் வழி வைத்துள்ளது. காலையில் இயலாததை மாலையில் செய்யலாம். ஆனால் அதற்கும் ஒரு பொழுதைக் குறித்தாக வேண்டும். ‘இயலும்போது’ என்று ஒரு காலம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

இறுதியாக, இல்லத்துப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதியாகிவிடும். ஆடவர் முன்கட்டில் அமர்ந்து பாசுரம் ஸேவிக்க, பின்கட்டில் ஒருத்தி அடுப்பின் முன் நின்றுகொண்டிருக்கும் வீடுகள் மிகப்பல. அங்கே மகிழ்வுக்கு ஒதுக்கிய நாழிகை உண்மையில் அவளுடைய நாழிகையிலிருந்து எடுத்தது. வாரத்தில் ஒருநாள் உணவுக்குப் பின் பாத்திரம் துலக்குவதை ஆண்மக்கள் ஏற்றுக்கொண்டால் அவளுக்கும் பொழுது பிறக்கும். அப்பொழுதில் அவள் திருப்பாவை ஓதலாம், அண்டை வீட்டாரோடு கோயிலுக்குப் போய் வரலாம், வெறுமனே திண்ணையில் காற்றாட உட்கார்ந்தும் இருக்கலாம். அதைத் தேர்வது அவள் விருப்பம். எந்த நாள், எந்த நாழிகை என்பதை ஊர் திரும்புவதற்குள் வீட்டாரோடு பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். தேர் நிலை சேர்ந்து தீர்த்தவாரி ஆகும்வரை அதற்கு அவகாசம் உண்டு.