காது குத்திய பின்



தைப்பூசக் காலத்தில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் ஆலயத்தில் முடியிறக்கிக் காது குத்தப்பெறும் குழந்தைகள் பலர். விழா ஒரு நாளில் முடிந்துவிடும். காதுச் சோணையில் ஏற்பட்ட புண் ஆறுவதற்கோ 6 முதல் 8 வாரங்கள் வேண்டும்.

சென்ற ஆண்டு நம் மாணவி ஒருத்தி வீங்கிய காதுடன் வகுப்பில் அமர்ந்திருந்தாள். "துளை தூர்ந்துவிடுமாம் ஐயா, பாட்டி நாள்தோறும் தோட்டைத் திருகிவிடுகிறார்" என்றாள். பாட்டியின் நோக்கம் நன்று. ஆயினும், திருகுந்தோறும் உள்ளே புதிதாய் வளரும் மென்தோல் கிழிகிறது; கிருமி புகுகிறது. தோடு உள்ளிருக்கும்வரை துளை தூராது.

பின்வருவனவற்றை நினைவிற் கொள்க:

1. சவர்க்காரத்தால் கைகழுவாமல் காதைத் தொடலாகாது.
2. நாளுக்கு இருமுறை, மருந்துக்கடையில் விற்கும் உப்புநீர்க் கரைசலால் துளையின் இருபுறமும் கழுவித் தூய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.
3. மஞ்சள், தேங்காய் எண்ணெய், திருநீறு எதையும் புண்ணில் இடலாகாது.
4. திருகாணியை இறுக முடுக்கலாகாது. வீக்கத்திற்கு இடம் வேண்டும்.
5. புண் ஆறும்வரை ஆற்றிலும் கடலிலும் குளிக்கலாகாது.

முதல் சில நாள்களில் சிறிது சிவப்பும் வலியும் இயல்பே. சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரை நாடுக. நாமே தோட்டைக் கழற்றினால் துளை மூடிச் சீழ் உள்ளே தங்கிவிடும். காதின் மேற்பகுதி குருத்தெலும்பு. அங்குக் குத்தினால் ஆறப் பல மாதங்கள் ஆகும்.

அம்மாணவியின் காது மருத்துவரின் மருந்தால் குணமாயிற்று. இன்று அண்டை வீட்டாருக்கு இவற்றைச் சொல்பவர் அந்தப் பாட்டியே!