மெட்டல் டிடெக்டர்: புதைந்த பொருளின் இடத்தைத் துல்லியமாகக் குறிப்பது எப்படி?

மெட்டல் டிடெக்டர் "பீப்" என்று ஒலித்தவுடன் மண்ணைத் தோண்டத் தொடங்கலாமா? கூடாது. அந்த ஒலி "இங்கே அருகில் ஏதோ உலோகம் இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்கிறது. சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது நம் வேலை. இதை நான் ஒரு மல்லிகைச் செடியை இழந்த பிறகுதான் கற்றுக் கொண்டேன்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தேன். கொல்லைப்புற மல்லிகைப் பாத்தியில் களை எடுத்த அம்மா, கையைக் கழுவும்போதுதான் மோதிரம் இல்லாததைக் கவனித்தார். அவர் திருமணத்திற்குப் பாட்டி போட்ட மோதிரம் அது. பாத்தியின் நீளம் 12 அடி, அகலம் 8 அடி. முழுவதும் கொத்திப் பார்த்தால் மோதிரம் கிடைக்கலாம், செடிகள் மிஞ்சாது.

முதலில் என் மொபைல் போனில் ஒரு மெட்டல் டிடெக்டர் அப்ளிகேஷனை இறக்கித் தேடினேன். துருப்பிடித்த ஆணிகள்தான் கிடைத்தன. இதற்குக் காரணம் உண்டு. போனில் இருப்பது திசை காட்டப் பயன்படும் காந்தப்புல உணரி. இரும்பு போன்ற காந்தத் தன்மை உள்ள பொருட்களை மட்டுமே அது உணரும். தங்கம், வெள்ளி, செம்பு ஆகியவை அதற்குத் தெரியாது. எனவே நகை தேட இந்த அப்ளிகேஷன்களை நம்ப வேண்டாம்.

அடுத்து, கல்லூரி நண்பர் ஒருவரிடமிருந்து நிஜமான டிடெக்டரை வாங்கி வந்தேன். ஒலித்த இடத்தில் எல்லாம் மண்வெட்டியைப் போட்டேன். மூன்று குழிகள், இரண்டு ஆணிகள், ஒரு சோடா மூடி. ஒரு செடியின் வேர் அறுந்தது. அம்மா மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டார். "செடியை வெட்டாம எடுக்க முடியும்னா தேடு. இல்லேன்னா போனது போகட்டும்" என்றார். அதன் பின்னரே இந்தக் கருவி எப்படிச் செயல்படுகிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

டிடெக்டர் எப்படிச் செயல்படுகிறது?

கைப்பிடியின் கீழ் முனையில் உள்ள வட்டத் தட்டின் உள்ளே கம்பிச் சுருள்கள் உள்ளன. இதனை காயில் என்கிறோம். ஒரு சுருளில் மாறுதிசை மின்சாரம் ஓடி, மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அது திருப்பி அனுப்பும் மெல்லிய காந்தப் புலத்தை இன்னொரு சுருள் பெற்று, ஒலியாக மாற்றித் தருகிறது.

காயில்களில் இரண்டு வகைகள் அதிகம் கிடைக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டமாக அமைந்தது கான்சென்ட்ரிக். இதில் தட்டின் நடுப்பகுதியில் ஒலி மிக அதிகமாக இருக்கும். இரண்டு டி எழுத்துக்களை முதுகோடு முதுகாகச் சற்று மேலேற்றி வைத்தது போன்றது டபுள் டி. இதில் முன்னிருந்து பின்வரை செல்லும் ஒரு நடுக்கோடு முழுவதும் ஒலி கேட்கும். இடமும் வலமும் வீசும்போது, பொருள் அந்தக் கோட்டின் கீழே எங்கோ இருக்கிறது என்று மட்டும் தெரியும். கோட்டில் எந்த இடம் என்று தெரியாது.

நடுவை அறிய என்ன செய்ய வேண்டும்?

எக்ஸெல் பயன்படுத்துபவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு செல்லைக் கண்டுபிடிக்க நெட்டு வரிசை மட்டும் போதாது. படுக்கை வரிசையும் வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடமே செல். இங்கும் அதே கணக்குதான்.

1. கையில் மோதிரம், இரும்புக் கடிகாரம், பாக்கெட்டில் போன், சாவிக் கொத்து எதுவும் இருக்கக் கூடாது.

2. காயிலைத் தரைக்கு இணையாக, தரைக்கு மிக அருகில் பிடித்து மெதுவாக இடமும் வலமும் வீசவும். காயில் சாய்ந்தால், காட்டும் இடமும் விலகிவிடும். பொருள் ஆழத்தில் இருந்தால் விலகலும் அதிகம்.

3. ஒலி கேட்டவுடன் வீச்சைக் குறுக்கவும். ஒலி உச்சமாக இருக்கும் இடத்தில், நீங்கள் நிற்கும் திசைக்கு நேராக ஓர் ஈர்க்குச்சியைத் தரையில் வைக்கவும். உலோகக் கம்பி வேண்டாம்.

4. இப்போது 90 டிகிரி திரும்பிப் பக்கவாட்டில் நின்று மீண்டும் வீசவும். உச்ச ஒலிக்கு இன்னொரு ஈர்க்குச்சி. இரண்டும் வெட்டிக் கொள்ளும் இடத்தின் கீழேதான் பொருள் இருக்கிறது.

5. பெரும்பாலான டிடெக்டர்களில் பின்பாயிண்ட் என்ற பட்டன் இருக்கும். சாதாரண நிலையில் காயில் அசைந்தால்தான் ஒலிக்கும். இந்த நிலையில் அசையாமல் வைத்திருந்தாலும் ஒலிக்கும். நெருங்க நெருங்க ஒலி கூடும். குறித்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, உலோகம் இல்லாத தரையின் மேல் காயிலை வைத்துப் பட்டனை அழுத்திவிட்டு, பிறகு நெருங்கவும்.

6. ஒலி அகலமான பரப்பில் கேட்டால், பொருளுக்கு அருகில் வந்து பட்டனை விட்டுவிட்டு மீண்டும் அழுத்தவும். பல மாடல்களில் அந்த இடத்தின் ஒலி அளவு பூஜ்யமாக எடுத்துக் கொள்ளப்படும். அதைவிட வலுவான நடுப்பகுதி மட்டும் இப்போது ஒலிக்கும்.

ஒரு எச்சரிக்கை: பின்பாயிண்ட் நிலையில் உலோகத்தின் வகை பிரித்துக் காட்டப்படாது. ஆணியும் தங்கமும் ஒன்றுபோல ஒலிக்கும். எனவே மேலாக உள்ள இரும்புத் துண்டுகளை முதலில் எடுத்துவிடவும். "குப்பையைக் காட்டாதே" என்று செட் செய்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அதிலும் ஆபத்து உண்டு. மெல்லிய தங்க மோதிரமும், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டக் கூடும். குப்பையை ஒதுக்கினால் மோதிரமும் ஒதுங்கிவிடும். அம்மாவின் இன்னொரு மோதிரத்தை நூலில் கட்டி, வேறோர் இடத்தில் புதைத்து, எண்ணையும் காயிலின் நடுவையும் சோதித்துக் கொண்டேன். நீங்களும் இப்படிப் பழகிய பிறகே தேடலைத் தொடங்குங்கள்.

கம்ப்யூட்டரில் வரைபடம்

பாத்தியைச் சணல் கயிற்றால் 2 அடிச் சதுரங்களாகப் பிரித்தேன். மொத்தம் 24 சதுரங்கள். எக்ஸெல்லில் ஏ முதல் எஃப் வரை ஆறு நெட்டு வரிசைகள், நான்கு படுக்கை வரிசைகள். ஒவ்வொரு சதுரத்தையும் இரண்டு திசைகளில் தேடி முடித்ததும், கிடைத்த பொருளை அந்த செல்லில் டைப் செய்து பச்சை நிறம் கொடுத்தேன். கட்டணமில்லாத லிப்ரெ ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதைச் செய்திடலாம். தேடிய இடத்தையே திரும்பத் தேடுவது இதனால் நின்றது. இப்போது மண்வெட்டி தேவைப்படவில்லை. களைக்கொத்தால் கையளவு மண்ணை ஓரத்திலிருந்து நெம்பினாலே பொருள் வந்தது. குறியின் நடுவில் நேராகக் குத்தினால் மோதிரம் நசுங்கலாம். சற்றுத் தள்ளியே கொத்த வேண்டும். அந்த வழியில் மோட்டார் கேபிள் சென்றால் கொத்தவே வேண்டாம்.

இரண்டாம் நாள் மாலை 24 செல்களும் பச்சை. மோதிரம் இல்லை.

அப்போதுதான் படித்திருந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டைத் தேட, டெலிபோன் புகழ் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்காந்தக் கருவியுடன் வந்தார். குண்டின் இடம் தெரியவில்லை. மெத்தைக்குள் இருந்த உலோக ஸ்பிரிங்குகள் குழப்பின. குண்டு வலப்புறம் இருப்பதாக மருத்துவர் நம்பியதால் அந்தப் பக்கமே தேடப்பட்டது. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு முதுகெலும்பின் இடப்புறம் இருந்தது தெரிந்தது.

நானும் நம்பிய இடத்தை மட்டும்தான் தேடியிருந்தேன். முதல் நாள் மூன்று குழிகளிலிருந்து நான் வாரிப் போட்ட மண், சுவரோரம் குவியலாகக் கிடந்தது. அது என் எக்ஸெல் தாளில் இல்லை.

குவியலில் டிடெக்டரைக் காட்டினேன். ஒலித்தது. கம்ப்யூட்டர் பாடத்தில் பைனரி சர்ச் என்று ஒரு முறை உண்டு. ஒரு பட்டியலை இரண்டாகப் பிரித்து, தேவையில்லாத பாதியைத் தள்ளிவிட்டு, மீதியை மீண்டும் பிரிப்பது. மண்ணைப் பிளாஸ்டிக் ஷீட்டில் போட்டு இரண்டாகப் பிரித்தேன். ஒலித்த பாதியை மீண்டும் இரண்டாக்கினேன். நான்கே முறையில் குவியல் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆறாவது முறையில் என் உள்ளங்கை மண்ணுக்குள் மோதிரம் இருந்தது. முதல் நாளே என் மண்வெட்டி அதை வாரி வெளியே எறிந்திருக்கிறது!

எனவே தோண்டிய ஒவ்வொரு முறையும் குழி, குவியல் இரண்டையும் சோதியுங்கள். குழியில் ஒலி நின்றுவிட்டால் பொருள் குவியலில் இருக்கிறது என்று பொருள்.

இறுதியாக ஒன்று. இந்த முறைகள் உங்கள் வீட்டுத் தோட்டத்தில் தொலைந்த பொருளுக்கு மட்டும்தான். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தோண்டுவது குற்றம். 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்திட வேண்டும்.

அம்மா மோதிரத்தைக் கழுவிப் போட்டுக் கொண்டு, வேர் அறுந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். அது பிழைக்கவில்லை. மீதிச் செடிகள் நன்றாக இருக்கின்றன.